சுத்தமான கரண்டு

என் கணவருக்கு மெல்லிய கீச்சுச் சத்தங்கள் கேட்பதில்லை என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நான்கு மாதம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவருடைய நண்பர்கள் வீட்டில் இருக்கும்போது, அதை வெளியே எடுத்தேன்.

நாங்கள் கள்ளிக்குப்பத்தில் இருக்கிறோம். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை மேலிருந்து ஓங்கி அடித்து வெட்டுகிற இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கூடம் அது. இருபத்திரண்டு வருடமாக அங்கே நிற்கிறார். வலது கை ஆட்காட்டி விரலில் பாதியை அந்த இயந்திரம் எடுத்துக்கொண்டது. எனக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. இன்வெர்ட்டருக்குள் வைக்கும் போர்டுகளைச் சால்டர் செய்வேன். கடைசி ஆறு வருடமாக டெஸ்டிங்கும் நான்தான். ஒரு போர்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலே எந்த இடம் சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

அவருக்குப் பாட்டு என்றால் உயிர். பாடுவது இல்லை, கேட்பது. எங்கள் மாதா கோயிலில் பூசை நேரத்து மைக் செட்டை அவர்தான் பார்த்துக்கொண்டார். பீடத்துக்குப் பக்கவாட்டில், மிக்சர் முன்னால் அவருக்கென்று ஒரு நாற்காலி. பாடகர் குழுவை நடத்துகிறவர் கீபோர்டில் கை வைப்பதற்கு முன் இவரைத் திரும்பிப் பார்ப்பார். இவர் தலையசைத்தால்தான் பாட்டு தொடங்கும். அந்தத் தலையசைப்புக்காகவே இவர் சனிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டு வைப்பார்.

போன வருடம் கிறிஸ்துமசுக்கு முன்னால் இந்த டாக் பைத்தியம் பிடித்தது. போனிலும் கம்ப்யூட்டரிலும் பாட்டு என்பது வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை மின்சார அலையாக மாற்றினால்தான் ஸ்பீக்கர் பாடும். மாற்றுகிற வேலைக்கென்று தனியாக ஒரு பெட்டி செய்வார்கள், அதற்குத்தான் டாக் என்று பெயர். போனுக்குள்ளேயே அது சின்னதாக இருக்கிறது. ஆனால் இவருக்கு அது போதவில்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ரிச்சி தெருவுக்குப் போய் போர்டு, வளையல் மாதிரி வட்டமான டிரான்ஸ்பார்மர், கரண்டைத் தேக்கி வைக்கக் கட்டை விரல் தடிமனுக்குக் கெபாசிட்டர்கள் என்று பை நிறைய வாங்கி வந்தார்.

"டாக்கு யார் வேணா வாங்கி மாட்டலாம். அதுக்குப் போற கரண்டு சுத்தமா இருக்கணும். அங்கதான் மேட்டரே கீது" என்றார். "அழுக்குக் கரண்டு குடுத்தா அழுக்கா பாடும்."

முதல் நாள் அவரே சால்டரிங் அயர்னைப் பிடித்தார். பாதி விரலால் கம்பியைத் தள்ளத் தள்ள, ஈயம் சொட்டுச் சொட்டாகப் போர்டில் விழுந்தது. காக்காய் எச்சம் மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். சிரித்ததோடு நிறுத்தவில்லை. "இந்தக் கைக்கு இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

அவர் அயர்னை ஸ்டாண்டில் வைத்தார். "சரி, நீ பண்ணு. இது கூலி வேலைதானே. டிசைன் நா பாத்துக்கறேன்."

எங்களுக்குள் வேலை அப்படித்தான் பிரிந்தது. நான் மாலை வேலை முடிந்து வந்து, சோறு வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் போர்டை வைத்துச் சால்டர் செய்வேன். அவர் எதிரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே "அந்த ஜாயின்ட்டு இன்னும் கொஞ்சம் பளபளன்னு வரணும்" என்பார். என் ஜாயின்ட்டைப் பார்த்து என் கம்பெனியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

டாக்குக்குக் கரண்டு கொடுக்கிற பவர் சப்ளையில் இரண்டு பக்கம் உண்டு, பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. பெரிய கெபாசிட்டர்கள் நான்கையும் தானே பொருத்துவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். பெட்டிக்குள் பார்த்தால் கண்ணில் படுவது அவைதான். நான்கையும் ராணுவ வரிசை மாதிரி ஒரே பக்கம் பார்க்க நிற்க வைத்தார்.

"மைனஸ் பக்கம் ரெண்டும் திருப்பி வரணும்ங்க" என்றேன்.

"சர்க்யூட்டு எனக்குத் தெரியாதா? நீ உன் வேலையப் பாரு."

நான் இரண்டாவது தடவை சொல்லவில்லை. கெபாசிட்டரைத் தலைகீழாகப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கம்பெனியில் பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு, அவர் சொன்ன இடத்தில் சால்டர் வைத்துக் கொடுத்தேன்.

புது வருடம் பிறந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்து இரண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஒருவர் பாடகர் குழுத் தலைவர். இன்னொருவர் பாரிவாக்கத்துக்காரர். அப்பா காலம் வரை விவசாயம் செய்த குடும்பம். இவர் கல்யாணம் காதுகுத்துக்கெல்லாம் சவுண்டு சர்வீஸ் நடத்துகிறார். பிரியாணியைப் பரிமாறி முடித்ததும் என் கணவர் எழுந்து போய், ஏதோ திறப்பு விழா மாதிரி ஸ்விட்சைப் போட்டார். பாட்டு வந்தது. அரை நிமிடம் வந்திருக்கும். பிறகு பட்டாசு மாதிரி ஒரு சத்தம். வெள்ளைப் புகை, அழுகிய மீன் வாடை. கெபாசிட்டரின் வயிற்றிலிருந்து வெடித்த காகிதச் சுருள் பறந்து வந்து பாடகர் குழுத் தலைவரின் தட்டில், முட்டை மேல் விழுந்தது.

என் கணவர் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு என்னைக் காட்டினார்.

"இவகிட்ட சால்டர் பண்ணக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும். மாத்தி மாட்டிக்கீறா. இவ செக் பண்ணித்தான் இன்வெர்ட்டரு வெளிய போவுது மாமே. எவன் ஊட்ல எப்ப வெடிக்கப் போவுதோ!"

இருவரும் சிரித்தார்கள். பாரிவாக்கத்துக்காரர் மட்டும் பாதியில் நிறுத்தி, "அண்ணி, கையில படலையே?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். துடைப்பத்தை எடுத்துவந்து குனிந்து பெருக்கினேன். தட்டை மாற்றினேன். அவருடைய நண்பர்களின் கால்களுக்கு நடுவே காகிதத் துணுக்குகளைப் பொறுக்கும்போது, இந்த ஆளை ஒரு நாள் இதே இடத்தில் வைத்து அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த வார்த்தைகளில்தான் நினைத்தேன். எப்படி என்று அப்போது தெரியாது.

கெபாசிட்டர் பற்றி அவர் தனியாகவும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அந்தப் போர்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். தப்பு யாருடையது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. போர்டைச் செய்தித்தாளில் சுற்றி என் பக்கம் தள்ளினார். "புதுசா பண்ணு" என்றார்.

பண்ணினேன். இந்தத் தடவை ஒரு சாமானைக்கூட அவர் கையில் கொடுக்கவில்லை. டாக்குக்கு ஐந்து வோல்ட் தனியாக வேண்டும். அதற்கான சப்ளை தயாராகும் வரை ஒரு பழைய போன் சார்ஜரை வைத்து ஓட்டிப் பார்த்தேன். பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பாட்டு வந்தது. பாட்டுக்குப் பின்னால் கொய்ங் என்று ஒரு மெல்லிய சத்தமும் வந்தது. கொசு காதுக்குள் போய் உட்கார்ந்த மாதிரி, விடாமல். மலிவு சார்ஜரில் அது வரும். பாட்டில் இடைவெளி விழும்போதெல்லாம் அது மட்டும் தனியாகக் கேட்டது.

"சத்தம் வருதுங்க" என்றேன்.

அவர் ஸ்பீக்கர் பக்கத்தில்தான் இருந்தார். "இன்னா சத்தம்? சூப்பரா கீது. வேணும்னே கொற சொல்லாத."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தேன். ஆசையோடு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஏதோ தட்டுப்பட்டது. போனில் ஒரு செயலியை இறக்கினேன். ஒரே சுருதியில் ஊதுகிற செயலி. எவ்வளவு கீச்சாக வேண்டுமென்றாலும் வைக்கலாம். அதை டாக்கில் சொருகி, மிக உயரத்தில் ஓடவிட்டேன். எனக்குப் பல் கூசியது.

"ஸ்பீக்கர்ல எதுனா வருதா பாருங்க."

"நீ ஆனே பண்ணலியே."

படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். கீழே, வெகு கீழே வந்த பிறகுதான், "ஆங், இப்ப வருது" என்றார். நான் சரி என்று போனை எடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் பூசையில் உட்கார்ந்திருந்தபோது எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. சாமியார் பிரசங்கத்தில் ஒவ்வொரு 'ச'வும் பிளேடு மாதிரி காதைக் கீறும். முன்வரிசைக் கிழவிகள் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொள்வார்கள். மைக் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். மைக் இல்லை. இவருக்குக் கேட்காததால் கீச்சுப் பக்கத்துத் திருகை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். எத்தனை வருடமாக என்று தெரியவில்லை. மிக்சருக்கு முன்னால் கம்பீரமாக உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்தேன். பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு உள்ளங்கையில் ஏதோ கனமாகக் கிடைத்த மாதிரி இருந்தது. அதை விட மனசில்லை.

மறுநாளே அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாம். எங்கள் தெருமுனையிலேயே ஒருவர் இருக்கிறார். தவக்காலம் வந்தது, ஈஸ்டர் வந்தது, நான் கூட்டிப்போகவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட இதைச் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் உட்கார்ந்து நல்ல சப்ளையைக் கட்டி முடித்தேன். அதை மாட்டியதும் கொய்ங் சத்தம் அறவே போனது. அவ்வளவு அமைதியாக இருந்தது. நான் இதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அது.

பெட்டிக்குள் பொருத்தி முடித்ததும் அவர் படம் எடுத்து கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே 'என் கைவண்ணம்' என்று எழுதியிருந்தார். கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன. எனக்குக் காட்டினார். நானும் ஒரு கைதட்டல் போட்டேன்.

ஜூன் மாதம் மறுபடியும் அதே இரண்டு பேரைக் கூப்பிட்டார். "சார்ஜர் கரண்டுக்கும் என் கரண்டுக்கும் இன்னா வித்தியாசம்னு காட்றேன். சாதாரணக் காதுக்குத் தெரியாது. பழகின காதுக்குத்தான் தெரியும்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் போனை வைத்ததும் நான் சொன்னேன். "கண்ணை மூடிக்கினு சொல்லுங்களேன். நான் பின்னாடி ஸ்விட்சை மாத்தறேன். எது எதுன்னு நீங்க கண்டுபிடிங்க. அப்பதான் அவங்களுக்கும் ஒரு இது இருக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. "இதாண்டி ஐடியா" என்று என் தோளைத் தட்டினார்.

அந்த வாரம் முழுவதும் நான் தயார் செய்தேன். பழைய சார்ஜரைத் திறந்து, உள்ளே சத்தத்தை அடக்குவதற்காக வைத்திருந்த குட்டி காயிலைக் கழற்றி எறிந்தேன். கொய்ங் சத்தம் இரண்டு மடங்கானது. ஒரு புல்லாங்குழல் பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். புல்லாங்குழல் மட்டும் மெதுவாக வந்து, இடையிடையே நின்று மூச்சு வாங்கும். அந்த இடைவெளிகள் எனக்கு வேண்டும்.

ஞாயிறு வந்தது. சாப்பாடு முடிந்தது. ஃபேனை நிறுத்தினேன். "காத்துச் சத்தம் இருந்தா சரியா கேக்காது" என்றேன். நால்வருக்கும் வியர்த்தது. அவர் நடு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முதலில் நல்ல சப்ளையில் பாட்டைப் போட்டேன். ஒரு நிமிடம் ஓடியது. நிறுத்தினேன். ஸ்விட்சைத் தட்டி, சார்ஜரில் அதே பாட்டை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து போட்டேன்.

பாரிவாக்கத்துக்காரர் சட்டென்று காதில் விரலை வைத்தார். பாடகர் குழுத் தலைவர் முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தார். நான் சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினேன். என் கணவர் கண் மூடியபடி புன்னகை செய்துகொண்டிருந்தார்.

"ரெண்டாவது" என்றார். "ரெண்டாவதுதான் என் சப்ளை. டவுட்டே இல்ல."

"எப்படிங்க சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"எவ்ளோ சுத்தமா கீது பாரு. மொதல்ல வந்ததுல பின்னாடி ஒரு அழுக்கு இருந்துச்சு. இதுல புல்லாங்குழல் நின்னா அப்படியே அமைதி. ஒரு பொட்டுச் சத்தம் இல்ல."

"இன்னும் கொஞ்சம் கேட்டுட்டுச் சொல்லுங்க. நல்லாக் கேளுங்க."

இதைச் சொன்னது நான்தான். பாட்டை நான் நிறுத்தியிருக்கலாம். அவர் இன்னும் பேசினார். குழலில் காற்று நுழைவதுகூடக் கேட்கிறது என்றார். வாசித்தவரின் உதடு தெரிகிறது என்றார். அவர் பேசப் பேச, கொய்ங் என்று அந்தச் சத்தம் அறையில் நின்றுகொண்டிருந்தது. மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். பாரிவாக்கத்துக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

"மச்சான், நிறுத்து மச்சான். விசில் மாதிரி காதக் கிழிக்குதே, உனக்குக் கேக்கலியா?"

அவர் கண்ணைத் திறந்தார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். "இன்னா விசிலு? கலாய்க்காத."

"நெசமாத்தான் மச்சான். அவரக் கேளு."

பாடகர் குழுத் தலைவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். என் கணவர் ஸ்பீக்கர் பக்கத்தில் போய் மண்டியிட்டார். காதை அதன் வலையில் ஒட்ட வைத்தார். ஒரு காது, பிறகு இன்னொரு காது. வியர்வை கழுத்தில் ஓடியது. அப்போது நான் ஸ்விட்சைத் தட்டினேன். சத்தம் நின்றதும் இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள். அவர்களுடைய முகம் மாறியதைப் பார்த்துத்தான் ஏதோ நின்றிருக்கிறது என்று அவர் தெரிந்துகொண்டார். மண்டியிட்டபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப நின்னுச்சே அந்தச் சார்ஜரு, அதத்தாங்க உங்க சப்ளைன்னீங்க" என்றேன்.

யாரும் பாயசம் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தார்கள். பாரிவாக்கத்துக்காரர் செருப்பை மாட்டும்போது, "இது உனக்கு முன்னமே தெரியும் இல்ல அண்ணி?" என்று கேட்டார். எப்போதும் என்னிடம் நீங்க வாங்க என்று பேசுகிறவர்.

அடுத்த ஞாயிறு இஸ்திரி போட்ட சட்டையோடு கோயிலுக்குப் போனோம். மிக்சர் முன்னால் இருந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாடகர் குழுத் தலைவர் எழுந்து வந்து இவர் தோளில் கை போட்டு, "நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு மச்சான்" என்றார். இவர் சரி சரி என்று சிரித்தபடி ஆண்கள் பக்கம் போய், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அன்று பிரசங்கம் காதுக்கு இதமாக இருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவி பக்கத்தில் இருந்தவளிடம், "இன்னிக்குத்தாண்டி சாமியாரு பேசறது புரியுது" என்றாள்.

காது டாக்டரிடம் அவர் தனியாகத்தான் போனார். திரும்பி வந்து ஒரு தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோடு இடது பக்கமிருந்து நேராக வந்து, பாதிக்கு மேல் கிணற்றில் குதித்த மாதிரி இறங்கியிருந்தது. பிரஸ் ஷாப்பில் காதில் எதுவும் வைக்காமல் நின்றதால் வந்தது, போனது திரும்பாது, ஆனால் சீக்கிரமே காது மிஷின் வைத்திருந்தால் பேச்சைக் கேட்பதாவது இவ்வளவு சிரமமாக இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

"உனக்கு எப்பலேந்து தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "தவக்காலத்துக்கு முன்னாடியே" என்றேன்.

"நாலு மாசம்."

"ஆமா."

"நாலு மாசத்துல ஒரு நாள் சொல்லிருக்கலாம் இல்ல?"

"அந்தக் கெபாசிட்டர நீங்கதான் மாட்டினீங்கன்னு நீங்களும் ஒரு நாள் சொல்லிருக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே புரியாத முகம். "ஒரு கெபாசிட்டருக்காடி?" என்றார்.

அது ஒரு கெபாசிட்டருக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கல்யாணமான பத்தொன்பது வருடத்தையும் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியாமல், நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

அந்த வாரமே பாரிவாக்கத்துக்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். என்னைக் கேட்கவில்லை. நான் கதவருகில் நின்றிருந்தேன்.

"எதுக்கு மச்சான், ஆசையா செஞ்சது?" என்றார் வந்தவர்.

"நா எங்க செஞ்சேன்? எல்லாம் அவ செஞ்சது. ரொம்ப நல்லா செஞ்சிக்கீறா. எடுத்துக்கினு போ."

இப்போது அவர் இரண்டு காதிலும் மிஷின் வைத்திருக்கிறார். காலையில் வேலைக்குப் போகும்போது, நண்பர்கள் வரும்போது, டிவி பார்க்கும்போது வைத்துக்கொள்கிறார். நான் பேச ஆரம்பித்தால் நிதானமாக இரண்டையும் கழற்றி, டப்பாவில் வைத்து மூடுகிறார். சண்டை எதுவும் போடுவதில்லை. வெளியார் இருந்தால் அப்படிச் செய்வதும் இல்லை.

போன வாரம் அவர் மிஷின் இல்லாமல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் முதுகுப் பக்கமாகப் போய் நின்று, என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், கேட்காது என்று தெரிந்தேதான் சொன்னேன். என் நிழல் பேப்பரில் விழுந்திருக்க வேண்டும். அவர் திரும்பினார்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டினேன். "சோறு ஆறுது."